மலை ஏறுகிறவளுக்கு எந்த உடற்பயிற்சி?

பிள்ளை இல்லையென்று கிளினிக்குக்கு வரும் பெண்ணிடம் 'தினமும் நடங்க, எடையக் குறைங்க, மனசுல எதையும் போட்டுக்காதீங்க' என்று சொல்லி அனுப்புவது வழக்கமாகிவிட்டது. பதுளை நகரில் நாள் முழுக்க மேசைக்குப் பின்னால் உட்கார்ந்திருப்பவருக்கு அது நல்ல ஆலோசனைதான். சினைப்பை நீர்க்கட்டியும் உடற்பருமனும் சேர்ந்திருக்கும் பெண்களில் பலருக்கு, எடையில் நூற்றுக்கு 5 முதல் 10 வீதம் குறைந்தாலே மாதவிலக்கு ஒழுங்காகிறது. ஆனால் நமுனுகுலைச் சரிவில் தேயிலைக் கொழுந்தெடுக்கும் பெண்ணிடம் அதையே சொன்னால் சிரிப்பாள்.

விடிந்ததும் வேலை பிரிக்கும் பெரட்டு. கோதுமை மா ரொட்டி, சம்பல், சாயத்தண்ணி. பிறகு தலையில் கயிறு இழுக்க, கூடையோடு நாள் முழுக்க மலை. கொழுந்தில் கிலோ குறைந்தால் அரைப்பேர், அதாவது அரைநாள் சம்பளம். அவளுக்கு உழைப்பில் குறைவில்லை. உழைப்புக்கு ஈடான சாப்பாடும் ஓய்வும்தான் இல்லை.

ஆய்வாளர்கள் யாசியென்ஸ்காவும் எலிசனும் போலந்துக் கிராமத்துப் பெண்களை ஆராய்ந்து 1998இல் வெளியிட்ட முடிவு இங்கே பொருந்தும். அந்தப் பெண்கள் நன்றாகச் சாப்பிட்டவர்கள், எடையும் குறையாதவர்கள். அப்படியிருந்தும் கடும் வயல்வேலை செய்தவர்களுக்குக் கருவைத் தாங்க உதவும் புரொஜெஸ்தரோன் குறைந்திருந்தது. சக்தியின் வரவுசெலவைக் கவனிக்கும் மூளை, உழைப்பு மிஞ்சினால் சினைப்பைக்கான கட்டளைகளைத் தளர்த்துகிறது.

அதற்காகத் தோட்டத்தில் பிள்ளையே பிறப்பதில்லை என்று எவரும் அவசரப்பட வேண்டாம். தோட்டத் தொழிலாளர் வாழும் லயங்கள் வெறுமையாக இல்லை. தாயின் போசாக்குக் குறை பெரும்பாலும் பிள்ளையின் உடலில்தான் தெரிகிறது. இலங்கையின் 2016 குடித்தொகை, சுகாதார ஆய்வின்படி ஐந்து வயதுக்குட்பட்ட தோட்டப் பிள்ளைகளில் 31.7 வீதத்தினருக்கு வயதுக்கேற்ற உயரமில்லை. நாட்டின் சராசரி 17.3 வீதம்.

'யோசிக்காதே' என்பதுதான் எனக்கு மிகவும் எரிச்சலூட்டுகிறது. சோதனைக்குழாய்ச் சிகிச்சை பெற்ற 3,583 பெண்கள் பற்றிய 14 ஆய்வுகளை 2011இல் தொகுத்துப் பார்த்தபோது, முன்பே இருந்த மனக்கவலைக்கும் சிகிச்சை பலிக்காமல் போனதற்கும் தொடர்பு தெரியவில்லை. மனவேதனையைத் தணிக்க வேண்டியது அது வேதனை என்பதற்காகவே. கரு தங்காத பழியை அதன்மேல் போட்டால், மாமியார் சொன்ன குற்றத்தையே டாக்டரும் சொன்னதாக ஆகும்.

1980களில் கருத்தடை அறுவைக்குச் சம்மதித்தோருக்கு அரசு கையில் காசு கொடுத்தது. தோட்டங்களில் அந்த அறுவை பெரிய அளவில் நடந்தது. பிள்ளை வேண்டும் என்று தவிப்பவர்களுக்கு அப்படியோர் உற்சாகத்தை யாரும் காட்டவில்லை. கணவனைப் பரிசோதனைக்குக் கூப்பிடுவதும் அரிது. ஏறக்குறையப் பாதித் தம்பதியரில் காரணம் ஆண் பக்கத்திலும் இருக்கிறது. புகையும் அளவுமீறிய மதுவும் விந்தணுவைக் கெடுக்கின்றன. அப்படியிருந்தும் நேர்த்தியும் மருந்தும் மனைவிக்கு மட்டும்.

பதுளை பெரியாஸ்பத்திரிக்கு அவள் வந்தால் ஒரு பேர் போகும், அவனும் வந்தால் இரண்டு. தொழிற்சங்கங்கள் அடுத்த சம்பளப் பேச்சில் கிலோவோடு இதையும் மேசையில் வைக்கலாம்: கிளினிக் நாளுக்கு இருவருக்கும் முழுப்பேர்.