ரெஃப்ரி காதில் என்ன கேட்கிறது? நமக்கும் கேட்டால் என்ன?

2023 செப்டம்பர் 30. லண்டனில் டோட்டன்ஹாம் - லிவர்பூல் ஆட்டம். ஒரு வீரரை ரெட் கார்டில் இழந்து 10 பேரோடு ஆடிக்கொண்டிருந்த லிவர்பூலுக்கு, 34-வது நிமிடத்தில் லூயிஸ் டியாஸ் கோல் அடித்தார். உடனே லைன்ஸ்மேன் கொடியைத் தூக்கிவிட்டார். ஆஃப்சைடு, கோல் கிடையாது.

வி.ஏ.ஆர் அறையில் வீடியோவைப் பார்த்தார்கள். டியாஸ் ஆஃப்சைடில் இல்லவே இல்லை. சுத்தமான கோல். ஆனால் அந்த அறையில் இருந்த நடுவர் ஒரு விஷயத்தைத் தலைகீழாகப் புரிந்துவைத்திருந்தார். மைதானத்தில் ஏற்கெனவே கோல் கொடுத்துவிட்டார்கள் என்பது அவர் நினைப்பு. அதனால் ஹெட்செட்டில் "செக் கம்ப்ளீட்" என்றார். மைதானத்தில் இருந்த ரெஃப்ரி கொடுத்திருந்த முடிவோ ஆஃப்சைடு. "செக் கம்ப்ளீட்" என்றால் அவருக்கு என்ன அர்த்தம்? நம்ம முடிவு சரி, ஆட்டத்தைத் தொடரலாம். தொடர்ந்தார்.

சில விநாடிகளில் வி.ஏ.ஆர் அறையில் ரீப்ளே இயக்குபவருக்குப் பொறி தட்டியது. ஆட்டத்தை நிறுத்தச் சொல்லுங்கள் என்று அங்கேயே குரலும் எழுந்தது. ஆனால், ஆட்டம் மறுபடி தொடங்கிவிட்டால் பின்னால் போகக் கூடாது என்பது விதி. ஒன்றும் செய்ய முடியாது என்று வி.ஏ.ஆர் நடுவர் கைவிரித்தார். கூடுதல் நேரத்தில் லிவர்பூல் வீரர் ஒருவரே தன் வலைக்குள் பந்தைத் தள்ள, ஆட்டம் 2-1 என டோட்டன்ஹாம் பக்கம் முடிந்தது.

கவனிக்க வேண்டியது இதுதான். கேமரா பழுதாகவில்லை, ஹெட்செட்டும் பழுதாகவில்லை. ஒவ்வொரு சொல்லும் துல்லியமாகக் காதில் விழுந்தது. சொல்தான் தப்பு.

நடந்தது நமக்கு எப்படித் தெரியும்? அந்த உரையாடலின் ஒலிப்பதிவை இங்கிலாந்தின் நடுவர் அமைப்பு மூன்றே நாளில் வெளியிட்டது. வெளியிடாமல் இருந்திருந்தால் 'மனிதத் தவறு' என்ற இரண்டு சொல்லோடு கதை முடிந்திருக்கும். நடுவர்களுக்குள் பேசிக்கொள்ளும் முறையும் மாறியிருக்காது.

கொடியில் பட்டன், கையில் பெல்ட்

ஹெட்செட்டுக்கு முன்னால் கால்பந்தில் இருந்தது 'பீப்' கொடி. லைன்ஸ்மேன் கொடியின் கைப்பிடியில் ஒரு பட்டன் இருக்கும். அழுத்தினால் ரெஃப்ரியின் கையில் கட்டியிருக்கும் பட்டை அதிரும். 'என்னைப் பார்' என்பதைத் தவிர அதால் வேறு எதுவும் சொல்ல முடியாது. 2006 ஜெர்மனி உலகக் கோப்பையில் நடுவர்கள் காதில் ஹெட்செட்டோடு வந்தார்கள். அதற்குப் பிறகு பெரிய லீக் எதுவும் அது இல்லாமல் நடப்பதில்லை.

போலீஸ்காரர் கையில் பார்க்கிற வாக்கிடாக்கிக்கும் இதற்கும் என்ன வித்தியாசம் என்று கேட்கலாம். வாக்கிடாக்கியில் பட்டனை அழுத்தினால்தான் பேச முடியும். ஒருவர் பேசும்போது மற்றவர் குறுக்கே பேச முடியாது. 'ஓவர்' சொல்லி வாய்ப்பை விட்டுக்கொடுப்பதே அதனால்தான். நடுவர் கருவியில் அந்தக் கட்டுப்பாடு இல்லை. லைன் எப்போதும் திறந்தே இருக்கும். நாலு பேர் கான்ஃபரன்ஸ் கால் போட்டுக்கொண்டு 90 நிமிடம் ஓடுகிற மாதிரி. கை எதையும் அழுத்த வேண்டாம். விசில் ஒரு கையில், கார்டு இன்னொரு கையில். பேச்சு என்க்ரிப்ட் ஆகிப் போவதால் கேலரியில் ஒருவர் ரேடியோ வைத்து ஒட்டுக்கேட்கவும் முடியாது.

சொல்ல எளிது, செய்வது கஷ்டம். 50,000 பேர் கத்தும் இடத்தில் மூச்சிரைக்க ஓடும் ஒருவரின் குரலை மட்டும் பிரித்தெடுக்க வேண்டும். மைக் உதட்டோடு ஒட்டியே இருப்பது அதற்காகத்தான். அலைவரிசை இன்னொரு தலைவலி. மலிவான ப்ளூடூத் கருவிகள் 2.4 கிகாஹெர்ட்ஸில் ஓடுகின்றன. வைஃபையும் அதே இடத்தில்தான். அரங்கம் நிறைந்த கூட்டத்தின் ஒவ்வொரு பாக்கெட்டிலும் ஒரு போன் இருந்தால் என்ன ஆகும்? போதாததற்கு மனித உடம்பில் இருக்கும் தண்ணீர் இந்த அலையை நன்றாகவே உறிஞ்சும். ரெஃப்ரி முதுகைத் திருப்பினால் சிக்னல் விழுந்துவிடலாம். அதனால் தொழில்முறைக் கருவிகள் இன்னும் கீழே உள்ள அலைவரிசைகளுக்குப் போகின்றன. ஐரோப்பாவில் 860 மெகாஹெர்ட்ஸை ஒட்டிய பகுதி. இந்தியாவில் குறைந்த சக்திக் கருவிகளுக்கு உரிமம் இல்லாமல் திறந்துவிட்டிருப்பது 865 முதல் 868 வரை.

விளக்கில் இருந்து 'ராக் அண்ட் ரோல்' வரை

கிரிக்கெட் இந்த வேலையைக் கொஞ்சம் வேறு மாதிரி கற்றுக்கொண்டது. 1992 நவம்பரில் டர்பனில் ஜான்டி ரோட்ஸ் பந்தை எறிய, டி.வி. பார்த்து அவுட் கொடுக்கப்பட்ட முதல் ஆள் ஆனார் சச்சின். அன்றைக்கு மைதான நடுவருக்குப் பதில் சொன்னது ஒரு விளக்கு. இன்றைக்கு டி.ஆர்.எஸ் வந்தால் மூன்றாம் நடுவர் பேசுவதை நம் வீட்டு ஹாலில் உட்கார்ந்து கேட்கிறோம். முதலில் மைதானத்தில் என்ன முடிவு என்று உறுதி செய்வார். அப்புறம் நோ-பாலா என்று பார்ப்பார். பிறகு அல்ட்ரா எட்ஜ். "ராக் அண்ட் ரோல் ப்ளீஸ்" என்று முன்னும் பின்னும் ஓட்டச் சொல்வார். கடைசியில் பால் டிராக்கிங். முடிவையும் முழு வாக்கியமாகச் சொல்வார்: உங்கள் முடிவு அவுட், அதை மாற்றி நாட் அவுட் கொடுங்கள்.

கேட்டுக் கேட்டு நமக்கே மனப்பாடம். சலிப்பாகவும் இருக்கும். ஆனால் டியாஸ் கோலில் விட்டுப்போனது இந்தச் சலிப்பூட்டும் முதல் வரிதான். 'மைதானத்தில் முடிவு ஆஃப்சைடு, சரிபார்க்கிறேன்' என்று ஒருமுறை வாய்விட்டுச் சொல்லியிருந்தால் அந்தக் குழப்பத்துக்கு இடமே இருந்திருக்காது.

விமானத் துறை இதை மிகக் கொடூரமான விலை கொடுத்துப் படித்தது. 1977-ல் டெனெரிஃப் ஓடுபாதையில் இரண்டு ஜம்போ விமானங்கள் மோதி 583 பேர் இறந்தார்கள். ரேடியோவில் சொன்னது ஒன்று, புரிந்துகொண்டது வேறொன்று. 'டேக்-ஆஃப்' என்ற சொல்லை உண்மையிலேயே கிளம்ப அனுமதி தரும்போது மட்டும்தான் பயன்படுத்த வேண்டும் என்ற கட்டுப்பாடு அதற்குப் பிறகு வந்தது. கோலையும் உயிரையும் ஒப்பிடக் கூடாதுதான். ஆனால் ரேடியோவில் பேசுவது ஒரு தனித் திறமை, அதற்குப் பயிற்சி வேண்டும் என்ற பாடம் இரண்டுக்கும் பொது.

காதில் கருவி மாட்டியவர் எல்லோரும் நடுவரில்லை என்பதையும் கிரிக்கெட் பார்த்திருக்கிறது. 1999 உலகக் கோப்பை, ஹோவ் மைதானம், இந்தியாவுக்கு எதிரான ஆட்டம். தென்னாப்பிரிக்க கேப்டன் ஹன்ஸி குரோனியே காதில் இயர்பீஸோடு இறங்கினார். அந்தப் பக்கம் பேசியது கோச் பாப் உல்மர். அப்போது அதைத் தடுக்க விதி எதுவும் கிடையாது. ஆனாலும் கழற்றச் சொல்லிவிட்டார்கள், பிறகு தடையும் வந்தது. வீரருக்கு ரகசியக் குரல் கூடாது, நடுவருக்கு இருக்கலாம் என்று நாம் ஒத்துக்கொண்டிருக்கிறோம். நடுவர் எந்தப் பக்கமும் சாராதவர் என்ற நம்பிக்கைதான் காரணம்.

தோனி உள்ளே வந்த நாள்

சி.எஸ்.கே ரசிகர்களுக்கு 2019 ஏப்ரல் 11 மறந்திருக்காது. ஜெய்ப்பூர், கடைசி ஓவர், ஸ்டோக்ஸ் போட்ட ஃபுல் டாஸ். ஒரு நடுவர் நோ-பால் என்று கை நீட்டுகிறார். ஸ்கொயர் லெக்கில் நின்ற இன்னொருவர் ஒத்துக்கொள்ளவில்லை. நீட்டிய கை இறங்குகிறது. அவுட்டாகி வெளியே போயிருந்த தோனி மைதானத்துக்குள்ளேயே வந்துவிட்டார். சான்ட்னர் கடைசிப் பந்தில் சிக்ஸர் அடித்து சென்னை ஜெயித்தது. தோனிக்குப் போட்டி ஊதியத்தில் 50 சதவீதம் அபராதம்.

தோனி செய்தது தவறு, அதில் எனக்குச் சந்தேகமில்லை. ஆனால் பாதி நீட்டிய கையை வைத்துக்கொண்டு லட்சக்கணக்கான பேரை ஊகிக்க விட்டதும் சரியில்லை. முதலில் பேசிவிட்டு அப்புறம் கை நீட்டு. கருவி இருந்தும் இந்த ஒழுங்கு இல்லையென்றால் கருவியால் பயனில்லை.

அதற்கு இரண்டு வாரம் முன்புதான் பெங்களூரில் மலிங்கா போட்ட கடைசிப் பந்து நோ-பால் என்பதை யாருமே பார்க்காமல் விட்டிருந்தார்கள். ஜெயிக்க 7 ரன் தேவை என்ற நிலையில் நின்ற ஆர்.சி.பி. தோற்றது. அந்த வருடம் டிசம்பரில் இந்தியா - மேற்கிந்தியத் தீவுகள் தொடரில், காலைக் கவனிக்கும் வேலையை மூன்றாம் நடுவரிடம் கொடுத்துச் சோதித்தார்கள். கோட்டைத் தாண்டினால் மைதான நடுவர் காதுக்குத் தகவல் போகும். 2020 ஐ.பி.எல்-லிலும் வந்துவிட்டது. ஹெட்செட் உருப்படியாகச் செய்த வேலை என்று கேட்டால் நான் முதலில் இதைத்தான் சொல்வேன்.

கேட்க விட்டால் கெட்டுவிடுமா?

ரக்பியில் ரெஃப்ரியின் மைக் நேரலையிலேயே ஓடும். வீரரிடம் அவர் என்ன சொன்னார், ஏன் பெனால்டி கொடுத்தார், எல்லாம் டி.வி-யில் கேட்கும். கால்பந்து 2023-ல்தான் ரெஃப்ரி மைக்கில் முடிவை அறிவிக்கும் அளவுக்கு இறங்கிவந்தது. அதுவும் முடிவு மட்டும். முடிவுக்கு முந்தைய பேச்சு நேரலையில் கிடையாது.

இந்தப் பயத்துக்கு ஒரு பழைய கதை உண்டு. 1989-ல் மில்வால் - ஆர்சனல் ஆட்டத்தில் ரெஃப்ரி டேவிட் எல்லரே ஒரு டி.வி. நிகழ்ச்சிக்காக மைக் மாட்டிக்கொண்டு இறங்கினார். ஆர்சனல் கேப்டன் டோனி ஆடம்ஸ் அவரை 'ஏமாற்றுக்காரர்' என்று திட்டியது உட்பட எல்லாம் பதிவாகிவிட்டது. நாடே கேட்டது. இங்கிலாந்துக் கால்பந்தில் மைக் என்றாலே ஒவ்வாமை வந்தது.

என்னைக் கேட்டால், மைக் வேண்டும் என்பதற்கு இதைவிட நல்ல காரணம் இல்லை. தன் பேச்சு ஊருக்கே கேட்கும் என்று தெரிந்தால் வீரர் வாயை அடக்குவார். ரக்பியில் அடக்குகிறார்களே. உண்மையான சிக்கல் வேறு. திறந்த லைனில் நடுவர்கள் தயங்குவார்கள், 'எனக்குச் சரியா தெரியல, நீ பார்த்தியா?' என்று கேட்பார்கள். அந்தத் தயக்கத்தை வெட்டி எடுத்து மீம் போடுவோம். நாம்தான், வேறு யார்? அதற்குப் பயந்து அவர்கள் கேட்காமலே முடிவெடுத்தால் ஹெட்செட் எதற்கு?

அதனால் நேரலை வேண்டாம் என்பதை ஏற்கலாம். ஆனால் சர்ச்சையான முடிவின் பதிவை ஆட்டம் முடிந்த சில நாளில் வெளியிட என்ன தடை? 2023 மார்ச் 3, பெங்களூரு கண்டீரவா மைதானம், ஐ.எஸ்.எல் பிளே-ஆஃப், கூடுதல் நேரம். கேரளா பிளாஸ்டர்ஸ் வீரர்கள் தடுப்புச் சுவர் அமைக்கும் முன்பே சுனில் சேத்ரி ஃப்ரீ கிக்கை அடித்தார். கோல். விசில் வரும்வரை காத்திருக்க வேண்டுமா வேண்டாமா என்று ரெஃப்ரி என்ன சொன்னார்? மொத்தத் தகராறும் அந்த ஒரு வரிதான். கேரள அணி மைதானத்தைவிட்டே வெளியேறியது. 4 கோடி ரூபாய் அபராதம், கோச்சுக்கு 10 ஆட்டத் தடை. அந்த ஒரு வரியின் மைக் பதிவு ஒன்று வெளியாகியிருந்தால், ரெஃப்ரி சரி என்றால் அவர் மீதான வசை அன்றே நின்றிருக்கும். தவறு என்றால் அதுவும் தெரிந்திருக்கும். இப்போது வரை இரண்டு ரசிகர் கூட்டமும் யூடியூபில் உதட்டசைவை வைத்துச் சண்டை போடுகின்றன.

கல்லூரியில் ஒருமுறை ஆள் இல்லை என்று என் கையில் லைன்ஸ்மேன் கொடியைத் திணித்தார்கள். ரெஃப்ரி 60 மீட்டர் தள்ளி நின்றார். கொடியை ஆட்டி ஆட்டிக் கை வலித்ததுதான் மிச்சம், அவர் திரும்பவே இல்லை. கோல் ஆனது, அடிதடி ஆனது. வட்டார லீக், பள்ளிப் போட்டிகளில் நிலைமை இன்னமும் அதுதான். பைக் ஓட்டுகிறவர்கள் ஹெல்மெட்டில் மாட்டும் இன்டர்காமை மாற்றியமைத்தாலே சின்ன மைதானத்துக்குப் போதும், கூட்டமும் குறைவு, அலைவரிசைத் தொல்லையும் குறைவு. மாவட்டச் சங்கங்கள் ஆளுக்கு ஒரு செட் வாங்கி, நடுவர் பயிற்சி முகாமில் ஒரு மணி நேரத்தை 'ரேடியோவில் எப்படிப் பேசுவது' என்பதற்கு ஒதுக்கலாம். முதல் வரியாக மைதானத்தில் என்ன முடிவு என்பதைச் சொல்லப் பழக்கினால் போதும்.