பட்டுப்புடவைக்கு ஒரு கையெழுத்து

அப்பாவின் பதினாறாம் நாள் காரியம் முடிகிறது. பந்தல் பிரித்த குழி மூடுவதற்குள் அண்ணன் வாரிசுச் சான்றுக்கு மனுப் போட்டுவிடுகிறார். சான்று கைக்கு வந்ததும் அக்காவுக்கும் தங்கைக்கும் போன் போகிறது. "ஆதார் அட்டையை எடுத்துக்கிட்டு ஒரு எட்டு வந்துட்டுப் போம்மா, சும்மா ஒரு கையெழுத்துதான்." சார்பதிவாளர் அலுவலகத்தில் விரல்ரேகை வைத்து, கேமராவுக்கு முகம் காட்டினால் வேலை முடிந்தது. திரும்பும் வழியில் ஓட்டல் சாப்பாடு, ஒரு பட்டுப்புடவை, கைச்செலவுக்குக் கொஞ்சம் பணம். அந்தப் பெண்கள் எழுதிக் கொடுத்திருப்பது தங்கள் பங்கை விட்டுக்கொடுக்கும் விடுதலைப் பத்திரம். எத்தனை சென்ட் கைமாறியது, இன்றைய விலைக்கு அது எவ்வளவு பெறும் என்பது அவர்களில் பலருக்குத் தெரியாது. படித்துக் காட்டவும் யாரும் இல்லை.

ஊர் இதைப் பெருந்தன்மை என்கிறது, உடன்பிறந்த பாசம் என்கிறது. நாம் இதைத் திருட்டு என்கிறோம். கத்தி காட்டிப் பிடுங்கினால்தான் திருட்டு என்றில்லை. கேட்டால் உறவு போய்விடும் என்ற பயத்தை ஒருத்தியின் மனத்தில் சிறுவயதிலிருந்தே வளர்த்துவைத்து, அந்தப் பயத்தைக் கொண்டே அவள் சொத்தை எழுதி வாங்குவதும் திருட்டுத்தான்.

இது நடக்கும் மண் எது என்பதையும் நினைத்துப் பார்க்க வேண்டும். ஆண்களுக்குச் சமமான சொத்துரிமை பெண்களுக்கு வேண்டும் என்று 1929 பிப்ரவரியிலேயே செங்கல்பட்டு சுயமரியாதை மாநாட்டில் தீர்மானம் போட்ட மண். டில்லியில் அம்பேத்கர் இந்து சட்டத் தொகுப்பு மசோதாவுக்காகப் போராடி, அது முடக்கப்பட்டதைக் கண்டு 1951இல் அமைச்சர் பதவியையே உதறினார். பிறகு வந்த 1956ஆம் ஆண்டு வாரிசுரிமைச் சட்டம் அரைக்கதவைத்தான் திறந்தது. அதன்படி பூர்வீகச் சொத்தில் மகனுக்குப் பிறப்பிலேயே பங்கு இருந்தது. மகளுக்கு அது இல்லை. நான்கு ஏக்கர் பூர்வீக நிலம், ஒரு மகன், ஒரு மகள், தாய் முன்பே காலமாகிவிட்டார் என்று வைத்துக்கொள்வோம். மகன் தன் பிறப்புரிமையாக இரண்டு ஏக்கரை எடுத்துக்கொள்வார். தந்தையின் பங்கான மீதி இரண்டைத்தான் இருவரும் பாதி பாதியாகப் பிரிப்பார்கள். அவருக்கு மூன்று, அவளுக்கு ஒன்று.

அந்தக் கணக்கைத் திருத்திய முன்னோடி மாநிலங்களில் தமிழ்நாடும் ஒன்று. ஆந்திரம் எண்பதுகளின் நடுவில் செய்ததை, கலைஞர் ஆட்சி 1989இல் இங்கே செய்தது. அந்த ஆண்டு மார்ச் 25க்கு முன்பே திருமணமாகியிருந்த மகள்களுக்கு மட்டும் அது எட்டவில்லை. 2005 செப்டம்பர் 9இல் நடைமுறைக்கு வந்த மத்தியச் சட்டத் திருத்தம் அந்தப் பாகுபாட்டையும் நீக்கியது. அன்றைய தேதியில் தந்தை உயிரோடு இருந்திருக்க வேண்டுமா என்று இழுபறியாய்க் கிடந்த கேள்விக்கு, வினீதா சர்மா வழக்கில் 2020 ஆகஸ்டில் உச்ச நீதிமன்றம் தேவையில்லை என்று பதில் சொல்லிவிட்டது. மகனைப் போலவே மகளும் பிறப்பால் பங்காளி. ஏட்டளவில் இனி அடைப்பதற்கு ஓட்டை ஏதும் பெரிதாக இல்லை.

ஆனாலும் நிலம் கைமாறவில்லை. 2015-16 வேளாண் கணக்கெடுப்பின்படி நாடு முழுவதும் சாகுபடி நிலவுடைமைகளில் பெண்கள் கையில் இருந்தவை 100க்கு 14கூட இல்லை. நாற்று நடுவதும் களை எடுப்பதும் பெண்கள். பட்டாவில் பெயர் வேறு. ராஜஸ்தானில் 'ஹக் தியாக்' என்று பெயர் வைத்து, உறவுகளைக் கூட்டி, மகள்களின் பங்கைத் துறக்கவைக்கும் வழக்கமே உண்டு. நம்மிடம் சடங்கு இல்லை. பத்திர எழுத்தர் இருக்கிறார், ஓட்டல் சாப்பாடு இருக்கிறது.

இதில் ஒரு வேடிக்கையையும் சொல்லியாக வேண்டும். மகளுக்குப் பங்கு உண்டு என்ற சட்டத்தை மகள்களைவிட நன்றாகப் படித்துவைத்திருப்பவர்கள் மனை வாங்குவோரும், வீட்டுக்கடன் கொடுக்கும் வங்கிகளின் வழக்கறிஞர்களும்தான். "அக்கா தங்கச்சி கையெழுத்து இருக்கா?" என்பதே அவர்களின் முதல் கேள்வி. ஆகவே 1989க்குப் பிறகு சகோதரியின் கையெழுத்துக்கு மதிப்பு வந்தது, சகோதரிக்கு வரவில்லை. அடுக்ககம் கட்டுபவர் வாசலில் வந்து நிற்கும்போதுதான் பல குடும்பங்களுக்குச் சென்னையிலோ ஓசூரிலோ ஒரு மகள் இருப்பது ஞாபகம் வருகிறது.

"அவளுக்குத்தான் எழுபது பவுன் போட்டுக் கட்டிக்கொடுத்தோமே" என்பார்கள். இந்த வாதம் செல்லாது. வரதட்சணை 1961 முதல் சட்டப்படி குற்றம். செய்த குற்றத்தையே அவளுக்குக் கொடுத்த பங்காகக் கணக்கெழுதுவது என்ன நியாயம்? அந்த நகை அவள் பீரோவில் இருக்கிறதா, நாத்தனார் கல்யாணத்துக்கு அடகுக் கடைக்குப் போனதா என்று கணக்கெழுதியவர் யாரும் விசாரித்ததில்லை. மகனுக்கும் செலவாகியிருக்கிறது. பொறியியல் கல்லூரி நன்கொடை, வெளிநாட்டுப் பயணம், நொடித்துப்போன தொழில் எல்லாம் அவர் பங்கில் கழிக்கப்பட்டதாக நாம் கேள்விப்பட்டதில்லை.

பெற்றோரை மகன்தானே கடைசிவரை பார்க்கிறான் என்பது அடுத்த வாதம். 2007ஆம் ஆண்டின் பெற்றோர் பராமரிப்புச் சட்டம் மகனையும் மகளையும் சேர்த்தே பொறுப்பாக்குகிறது. கடமையில் சமம், பாகத்தில் மட்டும் சமமில்லையா? மகன் வீட்டில் பெற்றோர் இருந்தாலும் கஞ்சி காய்ச்சி, கழிப்பறைக்குக் கைப்பிடித்துக் கூட்டிப்போகிறவர் பெரும்பாலும் மருமகள். அவரும் ஏதோ ஒரு வீட்டில் கையெழுத்துப் போட்டுக் கொடுத்துவிட்டு வந்த மகள்தான்.

நிலம் துண்டாகிவிடும் என்று வருத்தப்படுகிறவர்களும் உண்டு. மூன்று அண்ணன் தம்பிகள் கூறுபோடும்போது இந்த வருத்தம் எங்கே போயிருந்தது?

இத்தனைக்கும் பிறகு, பெண்கள் ஏன் கையெழுத்துப் போடுகிறார்கள்? அறியாமை ஒரு பகுதிதான். கல்லூரிப் பேராசிரியைகளும் போடுகிறார்கள், வங்கி மேலாளர்களும் போடுகிறார்கள். புகுந்த வீட்டில் நாளை ஏதாவது ஆனால் போய் நிற்க ஓர் இடம் வேண்டும்; அந்த இடம் பிறந்த வீடு; அங்கே இப்போது அண்ணன் இருக்கிறார். அவர் மனம் நோகக் கூடாது. பொங்கல் சீர் வர வேண்டும், குழந்தையின் காதுகுத்துக்குத் தாய்மாமன் மடி வேண்டும். இப்படிக் கணக்குப் போட்டு, உரிமையாய் நிற்கக்கூடிய வீட்டை விட்டுக்கொடுத்து, தயவில் நிற்கும் திண்ணையை வாங்கிக்கொள்கிறாள். சட்டமே நெடுநாள் இந்த மனநிலையில்தான் இருந்தது. 2005 வரை, மணமான மகள் விதவையாகவோ கைவிடப்பட்டவளாகவோ பிரிந்து வாழ்பவளாகவோ ஆனால்தான் தந்தை வீட்டில் குடியிருக்க உரிமை கேட்க முடியும். ஆண் வாரிசுகள் முன்வராமல் அந்த வீட்டைப் பாகம் பிரிக்கச் சொல்லவும் முடியாது.

சொந்தமாய் ஒரு வீடு இருப்பது பெண்ணுக்கு என்ன செய்கிறது என்பதற்குக் கேரளத்திலிருந்து ஒரு சான்று உண்டு. பிரதீப் பாண்டாவும் பீனா அகர்வாலும் திருவனந்தபுரம் மாவட்டத்தில் சுமார் 500 பெண்களிடம் நடத்திய ஆய்வு 2005இல் வெளியானது. நிலமோ வீடோ இல்லாத பெண்களில் 49 சதவீதம் பேர் கணவனிடம் அடிவாங்கியிருந்தனர். நிலமும் வீடும் தம் பெயரில் இருந்தவர்களில் அது 7 சதவீதம். கிளம்பிப் போக ஓர் இடம் இருப்பவளை நோக்கி ஓங்கும் கை தயங்குகிறது. தங்கையிடம் எழுதி வாங்கும் அண்ணன் நிலத்தோடு இந்தப் பாதுகாப்பையும் சேர்த்துத்தான் வாங்கிக்கொள்கிறார். பிறகு அவள் அடிபட்டு வந்து நின்றால், "அனுசரிச்சுப் போம்மா" என்று பஸ் ஏற்றிவிடுகிறவரும் அவரே.

பங்கு கேட்ட பெண்ணுக்கு என்ன நேர்ந்தது என்பதைக் கேரளத்துக் கிறிஸ்தவரான மேரி ராயின் வாழ்க்கை சொல்லும். ஊட்டியில் தந்தையின் வீட்டில் இரண்டு குழந்தைகளோடு ஒதுங்கியிருந்தவரைக் காலி செய்யச் சொன்னவர்கள் சொந்த வீட்டார். மகனுடைய பங்கில் நாலில் ஒன்று அல்லது 5,000 ரூபாய், இரண்டில் எது குறைவோ அது மகளுக்குப் போதும் என்றது 1916ஆம் ஆண்டின் திருவிதாங்கூர் கிறிஸ்தவ வாரிசுரிமைச் சட்டம். அவர் உச்ச நீதிமன்றம் வரை போய் 1986இல் வென்றார். தீர்ப்பு வந்த பின்னும் தன் பங்கைக் கையில் வாங்க ஆண்டுக்கணக்கில் அலைந்தார். சொந்தச் சகோதரனைக் கோர்ட்டுக்கு இழுத்தவள் என்ற பழியைச் சுமந்தவர் அவர். பங்கைத் தராத சகோதரரை யாரும் அப்படி ஒரு பெயர் சொல்லி அழைத்ததாகத் தெரியவில்லை.

அரசுக்கும் இதில் பங்கு உண்டு. 10 லட்சம் ரூபாய் மதிப்புக்குள் பெண்கள் பெயரில் சொத்து பதிந்தால் 1 சதவீதக் கட்டணச் சலுகை என்று 2025 ஏப்ரல் முதல் தமிழ்நாடு அரசு நடைமுறைப்படுத்தியது. நல்ல காரியம். அதே அலுவலகத்தில், அதே மேசையில், பல லட்சம் பெறும் சொத்திலிருந்து ஒரு பெண் வெளியேறும்போது, பதிவாளர் கேட்க வேண்டியதெல்லாம் இதை எழுதிக் கொடுத்தது நீங்கள்தானா என்பது மட்டுமே. இது போதாது. முதலில் எல்லா வாரிசுகளின் பெயரிலும் கூட்டுப் பட்டா மாற வேண்டும். அதற்குப் பிறகே விடுதலைப் பத்திரம் பதியலாம் என்று விதி வர வேண்டும். தன் பெயரைப் பட்டாவில் ஒருமுறை பார்த்த பெண் அதை விடுவதற்கு முன் யோசிப்பாள். பதிவின்போது உடன்பிறந்தவர்களை வெளியே அனுப்பிவிட்டு, அவள் விடும் பங்கின் வழிகாட்டி மதிப்பை ரூபாயில் அவளுக்குப் படித்துக்காட்ட வேண்டும். முத்திரைத்தீர்வை கணக்கிட அந்த மதிப்பை எப்படியும் எடுக்கத்தான் செய்கிறார்கள். கொடுப்பவளின் காதில் போடுவதில் என்ன கஷ்டம்?

மனமறிந்து கொடுக்கும் பெண்ணை நாம் குறை சொல்லவில்லை. கடனில் தவிக்கும் தம்பிக்கு வசதியான அக்கா தன் பங்கை விடுவது அழகு. ஆனால், கஷ்டப்படும் தங்கைக்குத் தன் பங்கை விடுதலை எழுதிக் கொடுத்த அண்ணன்கள் நம் ஊரில் எத்தனை பேர்? பாசம் எப்போதும் ஒரே திசையில் பத்திரம் பதிகிறது என்றால் அதைப் பாசம் என்று ஒப்புக்கொள்ள முடியாது. மேடையில் பெண்ணுரிமை பேசிவிட்டு, வீட்டில் சகோதரிகளிடம் எழுதி வாங்கிய பத்திரத்தைப் பீரோவில் வைத்திருக்கும் அரசியல்வாதிகள், வழக்கறிஞர்கள், பத்திரிகைக்காரர்கள் எல்லோருக்கும் சேர்த்தே இதைச் சொல்கிறோம்.

சகோதரிகளுக்கு ஒரு வார்த்தை. கையெழுத்துக் கேட்டுப் போன் வந்தால், பத்திரத்தின் நகலை முதலில் அனுப்பச் சொல்லுங்கள். ஒரு வாரம் வைத்திருந்து படியுங்கள். சர்வே எண்ணைப் போட்டு வழிகாட்டி மதிப்பைப் பதிவுத்துறை இணையதளத்தில் பாருங்கள். அதற்குக் கட்டணம் கிடையாது. அதன் பிறகும் அண்ணனுக்குக் கொடுக்கத் தோன்றினால் கொடுங்கள். தோன்றவில்லையென்றால் போடாதீர்கள். அதற்காக யாரிடமும் மன்னிப்புக் கேட்கவும் வேண்டாம்.