பத்து மாசம்னா எத்தனை வாரம்?

உங்க வீட்டுல இருக்கிற பிறப்புச் சான்றிதழை ஒரு தடவை எடுத்துப் பாருங்க மக்களே. அம்மாவைப் பத்தி அதுல இருக்கிறது பேர், முகவரி மாதிரி அடையாள விவரம்தான். ஆனா பிறப்பைப் பதியும்போது நிரப்புற படிவம் 1-ல இன்னொரு பகுதி இருக்கு. கல்யாணத்தப்போ அம்மாவுக்கு என்ன வயசு, பிரசவத்தப்போ என்ன வயசு, இது எத்தனாவது குழந்தை, சுகப்பிரசவமா, சிசேரியனா, ஆயுதம் போட்டு எடுத்தாங்களா, குழந்தை எடை எவ்வளவு, கர்ப்பம் எத்தனை வாரம்... இதெல்லாம் புள்ளிவிவரத்துக்குன்னு தனியாப் போயிடும், சான்றிதழ்ல வராது. வரவும் கூடாது.

என் பிரச்சினை அந்தப் பகுதியோட தரம்தான். சான்றிதழ்ல ஒரு எழுத்து தப்பா விழுந்தா ஸ்கூல், பாஸ்போர்ட்னு அலையணும், அதனால நாலு தடவை சரிபார்ப்போம். இந்தப் பகுதியில தப்பு விழுந்தா அலையப் போறது யாரும் இல்ல. நான் ஆபீஸ்ல ஆணி புடுங்குறது டேட்டாபேஸ்லதான். யாரும் திரும்பிப் பார்க்காத ஃபீல்டுல குப்பைதான் சேரும், இது அனுபவம் :-)

அக்கா பிரசவத்தப்போ ஒரு ஆஸ்பத்திரியில (பேர் வேணாம்) ஃபாரத்தை மாமாகிட்ட நீட்டினாங்க. "எத்தனை மாசம்?" "பத்து மாசம் சார்". வேற என்ன சொல்வார், பத்து மாசம் சுமந்து பெத்ததுன்னுதானே நாம பேசுறோம்! 40 வாரம்னு எழுதிட்டாங்க. கேஸ் ஷீட்ல இருந்தது 36. 37 வாரம் முடியறதுக்குள்ள பிறந்தா குறைமாசக் குழந்தை. ஒரு குறைமாசக் குழந்தை கணக்குல இல்லாமலே போச்சு.

வயசுக் கதை வேற. 18-க்குக் கீழ கல்யாணம்னா கேஸ். முத்துலெட்சுமி ரெட்டி மகப்பேறு உதவித் திட்டத்துல 18,000 ரூபாய் மதிப்புள்ள உதவி வாங்க குறைஞ்சது 19 வயசு இருக்கணும். அப்புறம் எந்தக் குடும்பம் 17-னு சொல்லும்? அவங்களைத் திட்டி பிரயோஜனமில்ல.

அமெரிக்காவுல 2003-ல திருத்தின பிறப்புப் பதிவுக்கு ரெண்டு தாள். ஒண்ணு அம்மா நிரப்புறது, இன்னொண்ணு ஆஸ்பத்திரி தன் மருத்துவக் குறிப்பைப் பார்த்து நிரப்புறது. அங்கயும் ரெண்டு மாநிலத்துல ஆஸ்பத்திரிக் குறிப்போட ஒப்பிட்டு 2013-ல ஒரு அறிக்கை வெளியிட்டாங்க. சில விவரம் நல்லா ஒத்துப்போச்சு, சிலது மோசம். ஆனா ஒப்பிட்டுப் பார்த்தாங்கல்ல, அதான் எனக்குப் பிடிச்சது.

நமக்கு இது இன்னும் சுலபம். தமிழ்நாட்டுல பிக்மி எண் இல்லாம பிறப்பைப் பதியவே முடியல. மாசமா இருக்கும்போதே வாரக்கணக்கு, ரத்த அழுத்தம், ஹீமோகுளோபின் எல்லாம் அதுல ஏறிடுது. அதையும் கேஸ் ஷீட்டையும் பார்த்து நர்ஸம்மா நிரப்பட்டும், மாமாவை விட்டுடுங்க.

2018-20 கணக்குப்படி உயிரோட பிறக்கிற லட்சம் குழந்தைக்கு இங்க 54 தாய்மார் இறந்தாங்க, கேரளாவுல 19. இறந்த ஒவ்வொரு தாய்க்கும் என்னாச்சுன்னு விசாரிக்கிற முறை நம்மகிட்ட ரொம்ப வருஷமா இருக்கு. மயிரிழையில பொழைச்சவங்களைப் பத்தி? ஜவ்வாது மலையில குறைமாசம் அதிகமா, வேங்கிக்கால்ல அதிகமான்னு கேட்டா, இந்தப் படிவத்தை நம்பி நான் பதில் சொல்ல மாட்டேன்.

பிரசவ வார்டுல வேலை பார்க்கிற பதிவர்கள் யாராவது இருந்தா, உங்க இடத்துல இதை யார் நிரப்புறாங்கன்னு பின்னூட்டத்துல சொல்லுங்களேன்.