பெற்றோருக்குப் பிறகு?

கைகால் இயங்காத பிள்ளையைத் தனித்து வாழப் பழக்குவது கொடுமையாம்; பெற்றவர்கள் பார்த்துக்கொள்வார்களாம். அவர்கள் காலத்துக்குப் பிறகு? இந்த வாதம் அங்கே வாயை மூடிக்கொள்கிறது.

அமெரிக்கர் எட் ராபர்ட்ஸை 14 வயதில் போலியோ முடக்கியது. இரவில் மூச்சுவிட இரும்பு நுரையீரல் என்னும் இயந்திரம். வேலைக்கு லாயக்கில்லை என்று கலிஃபோர்னியா மறுவாழ்வுத் துறை ஒதுக்கியது. 1972இல் தோழர்களோடு பெர்க்லியில், மாற்றுத்திறனாளிகள் தனித்து வாழ உதவும் சுயவாழ்வு மையம் தொடங்கினார். 1975இல் அதே துறைக்கு இயக்குநரானார். உடுத்தவும் உண்ணவும் உதவியாளர் வேண்டியிருந்தது. ஆனால் வாழ்க்கை அவர் முடிவில் நடந்தது.

தனித்து வாழப் பயிற்சி என்று நாங்கள் கேட்பதும் இதைத்தான்: உதவியாளரை வேலை வாங்க, சக்கர நாற்காலியிலிருந்து கட்டிலுக்கு மாற, வேண்டாததை மறுக்க. பெற்றோரே, மருந்துப் பெட்டியையும் வங்கி அட்டையையும் இன்றே பிள்ளையிடம் கொடுங்கள்.