விழுந்தவனை எழுப்பும் பத்து விநாடி

விருத்தாசலத்துப் பீங்கான் தொழிற்பேட்டையில் வேலை பார்க்கும் எவரையும் கேட்டுப் பாருங்கள். சூளையில் ஏறுமுன் விரிசல் கண்ட களிமண்ணை நீரில் ஊறவைத்து மீண்டும் பிசைந்துவிடலாம். சுட்ட பின் விரிந்ததைத் திரும்ப மண்ணாக்க எவராலும் இயலாது. காப்பாற்றுவதற்கு ஒரு காலவரை உண்டென்பதை இவ்வூர்ப் பிள்ளைகள் கண்ணால் கண்டே வளர்கிறார்கள். ஆயினும் என் தங்கை மகன் இதே பாடத்தைக் கைப்பேசியில் கற்று, முகம் வீங்க அழுதபடி ஓரிரவு என்னிடம் வந்து நின்றான்.

"மாமு, நான் அடிபட்டு விழுந்து கிடந்தேன். அவன் அடுத்த வீட்டுக்குள்ளேதான் இருந்தான். எழுப்ப வரவே இல்லை!"

எங்கோ விபத்து நேர்ந்துவிட்டது என்று பதறிப்போனேன். பிறகுதான் தெரிந்தது, அது விளையாட்டு. 2020 செப்டம்பரில் நம் அரசு தடை செய்த பப்ஜிக்குப் பதிலாக, 2021 ஜூலையில் வந்த 'பேட்டில்கிரவுண்ட்ஸ் மொபைல் இந்தியா'. அதுவும் 2022இல் ஒருமுறை நிறுத்தப்பட்டு 2023 மே மாதம் திரும்பி வந்தது. இரத்தத்தின் நிறத்தைச் சிவப்பிலிருந்து பச்சையாக்கியும், பதினெட்டு வயதுக்குட்பட்டோர்க்கு நாளொன்றுக்கு 3 மணி நேரம் என வரம்பிட்டும் தந்தார்கள். மூன்று மணி நேரமே மிகுதி என்பது என் கருத்து. அது வேறு வழக்கு.

பையனின் அழுகைக்குக் காரணம் அறிய அவனருகில் அமர்ந்து சில ஆட்டங்கள் பார்த்தேன். நால்வர் ஓர் அணி. குண்டடிபட்டவன் உடனே இறப்பதில்லை, மண்டியிட்டுத் தவழ்கிறான். அவன் உயிர்க்கோடு விநாடிக்கு விநாடி தேய்கிறது. துப்பாக்கியைத் தொட அவனால் முடியாது. தோழன் ஒருவன் அருகில் வந்து சுமார் பத்து விநாடி அசையாமலிருந்தால்தான் எழுவான். எழும்போதும் மிகச் சொற்ப உயிரே மிச்சம். அந்தப் பத்து விநாடியில் இருவரையும் எதிரி சுட்டு வீழ்த்தலாம். ஆகவே வராதவன் கோழையா, கணக்கறிந்தவனா என்று சட்டெனத் தீர்ப்புச் சொல்ல எனக்கு நா எழவில்லை.

குறை விதியில் இருக்கிறது. விழுந்தவனுக்குத் தவழ்வதும் கூவுவதும் தவிர வேலை இல்லை. 2008இல் வெளிவந்த 'லெப்ட் ஃபோர் டெட்' என்னும் ஆட்டத்தில் விழுந்தவன் கிடந்தபடியே கைத்துப்பாக்கியால் தன்னைக் காத்துக்கொள்வான். 2019இன் 'ஏபெக்ஸ் லெஜண்ட்ஸ்' அவன் கையில் ஒரு கேடயம் தருகிறது. 2025 அக்டோபரில் வந்த 'பேட்டில்ஃபீல்ட் 6'இலோ, தோழனை முதலில் மறைவிடத்துக்கு இழுத்துச் சென்றபடியே எழுப்பலாம். மூன்றிலும் இதுவே எனக்குச் சிறந்ததாகப் படுகிறது. காப்பாற்ற வருபவனையும் அல்லவா அது காப்பாற்றுகிறது!

நம் பிள்ளைகள் ஆடும் ஆட்டத்தில் இன்னொன்றும் செய்யலாம். விழுந்தவன் தன் காயத்தைத் தானே அழுத்திப் பிடித்து, நகராமலிருக்கும் வரை உயிர்க்கோடு மெதுவாகத் தேயும்படி வைக்கலாம். தவழ்வதா, காத்திருப்பதா என்று அவன் தேர்ந்துகொள்ளட்டும். மேலும், எவன் எவனை வீழ்த்தினான் என்பது திரையின் மேல் மூலையில் ஊரறிய ஓடுகிறது. எவன் எவனை எழுப்பினான் என்பதும் அங்கேயே ஓடினால் என்ன?

இதையெல்லாம் சொன்னபோது பையன் ஓர் ஐயம் எழுப்பினான். "மெய்யாகவே அடிபட்டவரையும் இழுத்துக்கொண்டு போகலாமா, மாமு?" நான் திடுக்கிட்டேன். கூடாது. சாலையில் விழுந்தவரின் கழுத்தோ முதுகெலும்போ முறிந்திருக்கலாம். நெருப்போ வாகனமோ நெருங்கினாலன்றி அசைக்கலாகாது. இரத்தம் பெருகும் இடத்தைத் தூய துணியால் விடாமல் அழுத்த வேண்டும். நினைவிழந்தவர் வாயில் நீர் ஊற்றக்கூடாது. 108ஐ அழைக்க வேண்டும். மூச்சும் அசைவும் நின்றிருந்தால் நெஞ்சின் நடுவே நிமிடத்துக்கு 100 முதல் 120 முறை, ஐந்து சென்டிமீட்டர் ஆழம் அழுத்த வேண்டும். நல்லெண்ணத்தோடு உதவுவோர் மீது வழக்குப் பாயாதென 2019இன் மோட்டார் வாகனத் திருத்தச் சட்டம் காப்பளிக்கிறது. தலையணையை வைத்து அழுத்திக் காட்டச் சொன்னேன். ஒரு நிமிடம் முடிவதற்குள் அவனுக்கு வியர்த்துவிட்டது.

"பத்து விநாடியில் எழுந்து ஓடுவது பொய்தானே?" என்றான்.

மறுநாள் அந்தத் தோழனை வீட்டுக்கு வரவழைத்தோம். இருவரும் பேசித் தமக்கென ஒரு விதி வகுத்துக்கொண்டார்கள்: விழுந்தவன் அழாமல், எதிரி எந்தப் பக்கம் என்பதை முதலில் சொல்ல வேண்டும்; வருபவன் புகைக்குண்டு வீசிவிட்டுத்தான் வர வேண்டும்; வர இயலாவிட்டால், "வர இயலாது" என்று வாய்திறந்து சொல்லிவிட வேண்டும். மூன்றாவதைச் சேர்த்தவன், அன்று வராமலிருந்தவன்.

அதன்பின் அவர்கள் அதிகம் வெல்வதாகத் தெரியவில்லை. இஷாவுக்குப் பின் எங்கள் திண்ணையில் சண்டைச் சத்தம் மட்டும் கேட்பதில்லை.