தொப்பியைச் சட்டத்தில் எழுதுங்கள்



சென்ற பள்ளி விடுமுறையில் சங்க வேலையாக மூதூர்ப் பக்கம் கட்டைபறிச்சானுக்குப் போயிருந்தோம். மலையில் நமக்குக் குளிரும் அட்டையும். அங்கே கூலிக்கு வயலில் இறங்குபவர்களுக்கு வெயிலும் சேறும். நாங்கள் பேச உட்கார்ந்த வீட்டு அக்கா தோட்டத்தில் பிறந்து அந்த ஊரில் வாழ்க்கைப்பட்டவர். சின்ன வயதில் லயத்து அடுப்பில் தீப்பட்ட தழும்பு அவர் காலில் இருந்தது. அந்தத் தழும்பு வெடித்துப் புண்ணாகி ஆறாமல் கிடந்தது. போன இடத்தில் களிம்பு கொடுத்து அனுப்பினார்கள். ஒன்றரை வருடம் கழித்துச் சதை எடுத்துப் பார்த்தபோது தோல் புற்றுநோய் என்றார்கள். முழங்காலுக்குக் கீழே காலை எடுத்துவிட்டார்கள்.

"கிளினிக் போனா அன்னைக்குக் கூலி இல்லையே சேர். அதான் நாளத் தள்ளிக்கிட்டே வந்துட்டேன்" என்றார். அந்தக் கால் போனது நோயால் மட்டுமல்ல என்று நாம் சொல்கிறோம்.

தோல் புற்றுநோய் வெள்ளைக்காரருக்கு வருவது, நமக்கென்ன என்று பலர் நினைக்கிறோம். பாதி உண்மை. கறுத்த தோலுக்கு வெயிலிலிருந்து ஓரளவு இயற்கைக் காவல் உண்டு. அதனால் நமக்கு அந்த நோய் குறைவு. குறைவு என்றால் இல்லை என்று அர்த்தமல்ல. நம்மவருக்கு அது வரும் வழியும் வேறு: பழைய தீத்தழும்பில், மாதக்கணக்கில் ஆறாத புண்ணில், உள்ளங்காலில், நகத்துக்கடியில். த்ரீவீலர்களின் பின்னால் படமாக ஒட்டியிருக்கும் பாடகர் பொப் மார்லிக்குக் கால் பெருவிரல் நகத்துக்கடியில்தான் தொடங்கியது. 1977இல் கண்டுபிடித்தார்கள். 1981 மே மாதம் 36 வயதில் இறந்தார். நம்மவருக்கு வரும் என்று யாரும் எதிர்பார்ப்பதில்லை. அதனால்தான் பிந்திக் கண்டுபிடிக்கிறார்கள்.

வெயிலையும் லேசாக எண்ண வேண்டாம். உலக சுகாதார அமைப்பும் சர்வதேசத் தொழிலாளர் அமைப்பும் 2023இல் சேர்ந்து ஒரு கணக்கு வெளியிட்டன. 2019இல் உலகில் 160 கோடிப் பேர் வேலை நேரத்தில் வெயிலில் நின்றார்கள். மெலனோமா அல்லாத தோல் புற்றுநோயால் இறப்பவர்களில் ஏறக்குறைய மூவரில் ஒருவர் வெயிலில் வேலை செய்ததால் இறக்கிறார். அப்படியானால் இது தொழிலாளர் பிரச்சினை. தொழிலாளர் பிரச்சினை என்றால் அது சட்டத்தின் பிரச்சினை.

சட்டம் தானாக வராது. 1775இல் இலண்டன் வைத்தியர் பெர்சிவல் பொட், புகைக்கூண்டு துடைக்கும் தொழிலாளருக்கு வரும் தோல் புற்றுநோய்க்குக் புகைக்கரியே காரணம் என்று எழுதினார். 1788இல் ஒரு சட்டம் வந்தது, ஆனால் யாரும் அதை மதிக்கவில்லை. பிள்ளைகளைக் கூண்டுக்குள் ஏற்றுவதை உண்மையில் நிறுத்திய சட்டம் 1875இல்தான் வந்தது. வைத்தியர் சொல்லி நூறு வருடம். நாம் நூறு வருடம் காத்திருக்க முடியுமா?

நம் நாட்டில் வேலைத்தளப் பாதுகாப்புக்கு முதன்மையாக இருப்பது 1942ஆம் ஆண்டின் 45ஆம் இலக்கத் தொழிற்சாலைகள் கட்டளைச் சட்டம். பெயரே சொல்கிறது, அது தொழிற்சாலைக்கு. கொழுந்து உள்ளே போன பிறகு அதற்கு மேலே ஒரு சட்டம் இருக்கிறது. அதைப் பறித்தவளுக்கு மேலே வெயில்தான் இருக்கிறது. வயலில் இறங்குபவருக்கும் அதே கதி.

கிளைபோசேட் கதையை மறந்துவிட்டோமா? அது தோல் புற்றுநோயின் கதை அல்ல. ஆனால் சட்டம் செய்பவர்கள் நம்மை எந்த இடத்தில் வைத்திருக்கிறார்கள் என்று காட்டும் கதை. 2015இல் அந்தக் களைகொல்லியை நாடு முழுவதும் தடை செய்தார்கள். 2018இல் தேயிலைக்கும் இறப்பருக்கும் மட்டும் தடையைத் தளர்த்தினார்கள். விளைச்சல் கணக்கோடு கம்பனிகள் போய்ப் பேசின. முதுகில் டாங்கி சுமந்து மருந்தடிப்பவனின் உடம்புக் கணக்கை யார் கொண்டுபோனது? நாமும் கொண்டுபோகவில்லை. இதில் சங்கங்களின் தவறும் உண்டு என்பதை நாமே ஒப்புக்கொள்கிறோம்.

"சம்பளத்துக்கே வழியில்லை, இப்போது தொப்பியா?" என்று நம் தோழர்களே கேட்கிறார்கள். அந்த அக்காவின் சொல்லைத் திரும்ப வாசியுங்கள். அரைநாள் கூலிக்குப் பயந்து ஒரு கால் போனது. இரண்டும் ஒரே கோரிக்கை.

தேர்தல் காலத்தில் சில எம்.பி.மார் தொப்பி கொடுத்துப் படம் எடுத்துக்கொள்வதைப் பார்த்திருக்கிறோம். தொப்பி கிழிந்துவிடும். சட்டம் கிழியாது. 1948இல் குடியுரிமையும் அடுத்த வருடம் வாக்கும் பறிபோன சனம் நாம். 2003 வரை போராடி மீட்ட வாக்கு இது. அதை ஒரு தொப்பிக்குக் கொடுப்பதா?

எம்.பி.மாரிடம் நாம் கேட்பது நான்கு. ஒன்று, பாதுகாப்புச் சட்டம் தேயிலை மலைக்கும் இறப்பர்த் தோட்டத்துக்கும் வயலுக்கும் விரிய வேண்டும். இரண்டு, அகலத் தொப்பி, சப்பாத்து, மருந்தடிப்பவருக்குக் கையுறை, கழுவத் தண்ணீர், உச்சி வெயிலில் நிழலும் ஓய்வும் வேலை கொடுப்பவரின் கடமையாக எழுதப்பட வேண்டும். மூன்று, வருடத்துக்கு ஒருமுறை தோட்டத்து மருந்துச்சாலையில் தோலையும் பாதத்தையும் பார்க்க வேண்டும். கிளினிக் போகும் நாளுக்குப் பேர் வெட்டக் கூடாது. நான்கு, வெயிலாலும் மருந்தாலும் வரும் நோய்க்கு நட்டஈடு வேண்டும்.

எப்படிக் கேட்பது? வாயால் அல்ல, எழுத்தால். ஒவ்வொரு தோட்டக் கமிட்டியும் கையெழுத்து வாங்கி, பாராளுமன்றப் பொதுமனுக்கள் பற்றிய குழுவுக்கு உங்கள் எம்.பி. ஊடாக மனு அனுப்புங்கள். பிரதியும் திகதியும் வைத்துக்கொள்ளுங்கள். சபையில் கேள்வி கேட்கச் சொல்லுங்கள். கேட்டாரா என்று பாருங்கள். கேட்காதவர் பெயரை அடுத்த கூட்டத்தில் வாசிப்போம்.

சட்டம் வரும்வரை நம் கையிலும் ஒரு வேலை உண்டு. இன்று இரவு விளக்கடியில் பிள்ளைகளைக் கொண்டு அம்மா அப்பாவின் காலைப் பார்க்கச் சொல்லுங்கள். ஒரு மாதமாக ஆறாத புண், பழைய தழும்பில் புதுப் புண், உள்ளங்காலில் வளரும் கறுப்புப் புள்ளி கண்டால் களிம்போடு நிற்காதீர்கள். ஆஸ்பத்திரிக்குப் போய் "சதை எடுத்துப் பாருங்கள்" என்று கேளுங்கள். துணைக்கு ஆள் வேண்டுமென்றால் சங்கத்துக்குச் சொல்லுங்கள், நாங்கள் வருகிறோம்.

நேரத்தோடு கண்டால் பெரும்பாலும் வெட்டி எடுத்துக் குணமாக்கலாம். அந்த அக்காவுக்குப் பிந்திவிட்டது. இன்னொரு கால் போக விடமாட்டோம்.