கேஸ் தீராதுங்க, ஓட்டைதான் இருக்கும்

கார் ஏசியில இருக்குற கேஸ், பெட்ரோல் மாதிரி ஓட ஓடத் தீர்ற சரக்கு இல்லீங்க. இந்த ஒத்தை வரியைச் சொல்லத்தான் இந்தப் பதிவு. ஏற்கனவே தெரிஞ்சவங்க அடுத்த பதிவுக்குப் போயிடலாம் :-)

சித்திரை பொறந்தா எங்க விருத்தாசலத்துல பழைய வண்டிக்காரங்க எல்லாம் ஏசி கடை வாசல்ல நிப்போம். "கேஸ் கொறஞ்சிருக்கு சார், டாப்-அப் பண்ணிடலாம்." கால் மணி நேரத்துல வேலை முடிஞ்சு ஜில்லுனு காத்து வரும். ஆனி மாசம் மறுபடி அனல்தான். என் வண்டிக்கு வயசு 19. ஒரே கோடையில ரெண்டாவது தடவை நிரப்பச் சொன்ன கடையில, "அப்ப முதல்ல போட்டது எங்கண்ணே போச்சு?"ன்னு கேட்டேன். "பழைய வண்டி சார், அப்படித்தான்"னு பதில்.

இதுல பாதி உண்மை இருக்கு. வீட்டு ஃப்ரிட்ஜுல கம்ப்ரசர் மூடி வெல்டு பண்ணினது. அதனாலதான் பத்து வருஷம் ஆனாலும் கேஸ் கேக்குறதில்லை. கார்ல கம்ப்ரசரை பெல்ட் சுத்துது, குழாயெல்லாம் ரப்பர். கொஞ்சம் கசியத்தான் செய்யும். ஆனா அது வருஷக்கணக்குல நடக்குற கசிவு. ரெண்டு மாசத்துல காலியானா எங்கயோ ஓட்டைன்னு அர்த்தம். அதைத் தேடாம நிரப்புறது, ஓட்டைக் குடத்துல தண்ணி புடிக்கிற கதைதான்.

எங்க ஊரு பீங்கான் ஊரு. ஜாடி வாங்குனாக்கூட விரல்ல தட்டி, சத்தம் கேட்டு, கீறல் இல்லைன்னு தெரிஞ்சுதான் காசு குடுப்போம். ஏசிக்கு மட்டும் ஏன் தட்டிப் பாக்குறதில்லை?

முறையான வேலை இப்படி: நைட்ரஜன் அழுத்தி சோப்புத் தண்ணி தடவியோ, சாயம் விட்டு புற ஊதா விளக்கு அடிச்சோ கசிவைக் கண்டுபிடிக்கணும். சரி பண்ணினப்புறம் வேக்குவம் பம்பை அரை மணி நேரமாவது ஓடவிட்டு காத்தையும் ஈரத்தையும் இழுக்கணும். ஈரம் தங்கினா உள்ள அமிலமாகி அரிக்கும். கடைசியா, எடை போட்டு நிரப்பணும். எத்தனை கிராம்னு பானெட்டுக்கு அடியில ஸ்டிக்கர் இருக்கும். சின்ன கார்னா அரை கிலோவை ஒட்டித்தான் வரும். கூடப் போட்டாலும் குளிராது.

இன்னொண்ணு. களிமண் தூசி பறக்குற ஊர்ல கண்டன்சர் இடுக்கெல்லாம் அடைச்சுக்கும். கேஸ் முழுசா இருந்தாலும் சூடு வெளிய போகாது. முதல்ல தண்ணியை மெதுவா அடிச்சுக் கழுவிப் பாருங்க. செலவே இல்லை.

ரொம்பப் பழைய அம்பாசடர், பத்மினி வெச்சிருக்கவங்களுக்குத் தனி சங்கதி. அதுல இருந்தது ஆர்-12. அந்த வகை கேஸ் ஓசோனை அரிக்கும்னு 1974ல மொலினாவும் ரோலண்டும் சொன்னாங்க. 1987ல மாண்ட்ரியல் ஒப்பந்தம் வந்துச்சு, 1992ல இந்தியாவும் சேந்துச்சு. 134ஏ கேஸ் அதுக்குப் பதிலா வந்ததுதான். ஆனா பழைய ஆயிலோட இது கலக்காது. ஆயிலும் டிரையரும் மாத்தாம 134ஏ ஏத்தினா கம்ப்ரசர் காலி.

இதை விடக் கொடுமை, சல்லிசா முடிக்கிறேன்னு சமையல் கேஸை ஏத்துறது. குளிரும், பொய் இல்லை. ஆனா எவாப்பரேட்டர் இருக்குறது டேஷ்போர்டுக்குள்ள. அங்க கசிஞ்சா, புள்ளைங்க தூங்குற வண்டிக்குள்ள நெருப்புப் புடிக்கிற கேஸ் நிக்கும். எவ்ளோ மிச்சமானாலும் வேண்டாங்க.

134ஏவும் சாது இல்லை. ஒரு கிலோ காத்துல கலந்தா, நூறு வருஷக் கணக்குல 1430 கிலோ கார்பன் டை ஆக்சைடுக்குச் சமமா பூமியைச் சூடாக்கும். 2016 கிகாலி திருத்தத்தை இந்தியா 2021ல ஏத்துக்கிச்சு. 2028ல இருந்து இந்த வகை கேஸ்களுக்கு உச்சவரம்பு. வருஷாவருஷம் நாம டாப்-அப் பண்றது நேரா வானத்துக்குத்தான் போகுது.

குளிர்காலத்துலயும் வாரம் ஒரு தடவை பத்து நிமிஷம் ஏசியை ஓட விடுங்க. சீல் காயாம இருக்கும். கடைக்குப் போனா மூணே கேள்வி: கசிவு பாத்தீங்களா? வேக்குவம் போட்டீங்களா? எத்தனை கிராம் ஏத்துனீங்க? மூணுக்கும் பதில் சொல்ற மெக்கானிக் கூடக் காசு கேட்டாலும் தாராளமா குடுங்க. அப்படி ஒருத்தர் கடலூர், நெய்வேலி பக்கம் இருந்தா எனக்கும் சொல்லுங்க சாமி.